காலிப் பட்டை

தேரிக்காட்டின் நடுவில் ஒரு மடம் இருந்தது. சுற்றிலும் செம்மணல். மணலில் பனை. பனைக்கு மேலே வெயில். ஆடிக்காற்றில் மணல்மேடுகள்கூட இடம் மாறிவிடும். மடம் மட்டும் போக வேறு இடமில்லாததுபோல் அங்கேயே நின்றது.

மடத்தின் தலைவி ஆவுடையம்மை. நாற்பது வயதைத் தாண்டாதவள். அவளிடம் சீடராக வந்து சேர்ந்த கோமதிநாயகத்துக்கு அறுபது முடிந்திருந்தது. டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மனைவி இறந்தபின் அவரால் கடைக்குள் உட்கார முடியவில்லை. சாவியை மருமகன் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவர் அவளை அம்மா என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள். கேட்டவர்கள் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்ததாகத்தான் அவர் சொன்னார். வேட்டி மடியில் ஒரு முடிச்சு மட்டும் இருந்தது. அதற்குள் மனைவியின் கம்மல் இருந்தது. அதை அவர் சொத்தாக நினைக்கவில்லை. அதனால் யாரிடமும் சொல்லவுமில்லை.

வியாபாரம் பார்த்தவர் என்பதால் மடத்து உக்கிராணத்தை அம்மை அவரிடம் ஒப்படைத்தாள். அரிசி, பயறு, எண்ணெய், பரணில் அடுக்கிய கருப்பட்டி, எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. உக்கிராணத்திலிருந்து எதை அள்ளினாலும், அள்ளுவதற்கு முன் பனையோலையில் மடித்த பட்டை ஒன்றைப் பக்கத்தில் வைக்க வேண்டும். பதநீர் குடிப்பதற்கும் கஞ்சி வாங்குவதற்கும் அந்தப் பக்கத்தில் எல்லோரும் மடிக்கும் அதே பட்டைதான். அதில் எதுவும் ஊற்றக் கூடாது. காலியாகவே வைத்து ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் அள்ள வேண்டும்.

அம்மை அள்ளும்போது கோமதிநாயகம் பார்த்திருக்கிறார். உதடு அசையும். சத்தம் வராது.

அது யாருடைய பெயர் என்று அவர் கேட்கவில்லை. முதல் வியாபாரத்துப் பணத்தைக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போட்டே வாழ்நாளைக் கழித்தவர் அவர். காலிப் பட்டை, மடத்தை நிறுவிய மூத்த சாமிக்கு வைக்கும் படையல் என்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதைப் போய் யாரும் கேட்பார்களா?

வழக்கத்தை அவர் இன்னும் அழகாக்கினார். பட்டைக்குக் குங்குமப் பொட்டு வைத்தார். அரளிப்பூ ஒன்று செருகினார்.

செல்லக்கனிதான் அதைப் பார்த்துச் சிரித்தாள். மடத்துப் பனைகளில் ஏறும் இசக்கியின் மனைவி அவள். பதநீர் காய்ச்சுவது அவள் வேலை. வாய் ஓயாது.

“அண்ணாச்சி, பட்டைக்குப் பொட்டு வச்சாச்சு, பூ வச்சாச்சு. தாலி எப்ப கட்டப் போறீக?”

“சாமி காரியத்துல விளையாடாதே.”

“நானா விளையாடுதேன்? உங்க வாளிதான் விளையாடுது. கிணத்துல போட்டா மணலாத்தான் அள்ளிட்டு வருது. இன்னிக்கு மணல்ல குழம்பு வச்சிரட்டுமா?”

அவள் சொன்னது உண்மை. இரண்டு வருஷமாக மழை இல்லை. அந்த ஆடியில் காற்று மிஞ்சி அடித்து, மடத்துக் கிணற்றின் பக்கச்சுவர் சரிந்து, ஊற்றுக்கண்ணை மணல் மூடிக்கொண்டு வந்தது. தேரி மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான். அது தூர்ந்தால் தேரியைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பாழுங்கிணற்றுக்குப் போக வேண்டும். அதற்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது.

“தூர் வாரி உறை இறக்கிருங்க அண்ணாச்சி. இல்லாட்டா நான்தான் குடத்தத் தூக்கிக்கிட்டுத் தேரி ஏறணும். என் காலு என்ன மடத்துச் சொத்தா, இஷ்டத்துக்குத் தேய்க்கதுக்கு?”

“பாப்போம் செல்லக்கனி.”

“பாருங்க, பாருங்க. நல்லா எட்டிப் பாருங்க. தண்ணிதான் தெரியாது.”

பரணில் கருப்பட்டி இருந்தது. சந்தையில் கொடுத்தால் அரிசியாக மாற்றலாம். அந்த அரிசியைக் கூலியாகக் கொடுத்தால் கிணற்று ஆட்கள் வருவார்கள். பஞ்சத்தில் பணத்துக்கு யாரும் மண்வெட்டியைத் தூக்கவில்லை.

ஆனால் ஆவணியில் மூத்த சாமியின் குருபூஜை வந்தது. அந்த அரிசியைச் சமைத்தால் சுற்றுப்பட்டுக்கெல்லாம் சோறு போடலாம். கொல்லைக்காடுகள் காய்ந்து கிடந்தன. ஊர்களில் அடுப்புப் புகை தெரிந்து நாளாகியிருந்தது.

கோமதிநாயகம் அம்மையிடம் வந்தார்.

“கிணறா அம்மா, சோறா?”

“ரெண்டுக்கும் அரிசி காணுமா?”

“காணாது.”

“உக்கிராணம் உங்க கையில இருக்கு அண்ணாச்சி. நீங்க பாத்து முடிவு செய்ங்க.”

அவர் ஒரு பகல் முழுக்க யோசித்தார். யோசிக்கும்போது கை வழக்கம்போல் மடியிலிருந்த முடிச்சைத் தடவியது. தடவிவிட்டுத் திரும்பியது.

பசித்தவனுக்குச் சோறு போடுவதைவிடப் பெரியது என்ன இருக்கிறது என்று நினைத்தார். சோறு போட்டால் நூறு வாய் வாழ்த்தும் என்றும் கொஞ்சம் நினைத்தார். கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்து யார் கும்பிடப் போகிறார்கள்?

கருப்பட்டி சந்தைக்குப் போய் அரிசியாகத் திரும்பியது. குருபூஜையன்று விடியும்போதே உக்கிராணத்தைத் திறந்தார். பட்டையை வைத்தார். பொட்டு, பூ. கண்ணை மூடி உதட்டை அசைத்தார்.

வாசலில் அம்மை நின்றிருந்தாள்.

“பேரு சொல்லிட்டீங்களா?”

“சொல்லாம அள்ளுவேனா அம்மா?”

அம்மை அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு வழிவிட்டாள்.

அன்று மடத்தில் கூட்டம் அலைமோதியது. சுடலைமுத்து என்கிற கூலிக்காரனை அவன் ஊர்க்காரர்கள் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். பல நாளாக அவன் வயிற்றில் எதுவும் இல்லை. கோமதிநாயகமே கஞ்சித்தெளிவைச் சங்கால் புகட்டினார். மாலையில் அவன் எழுந்து உட்கார்ந்தான். உட்கார்ந்து அவர் காலைத் தொட்டான்.

செல்லக்கனி பந்தியில் கடைசியாக உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் மகள்.

“இன்னும் ஒரு கரண்டி போடுங்க அண்ணாச்சி. இனிமே தேரி தாண்டணும்லா, தெம்பு வேணும்.”

“கோவமா செல்லக்கனி?”

“சோத்து மேல எனக்கு என்ன கோவம்? மண்ணு மேலதான் கோவம். இது சாம்பாரா, ரசமா? அதையும் சொல்லிட்டுப் போங்க.”

அவர் சிரித்தார். அன்று எல்லோரும் சிரித்தார்கள்.

புரட்டாசியில் கிணறு முழுவதும் தூர்ந்துபோனது. பெண்கள் குடத்தோடு தேரியைத் தாண்டிப் போனார்கள். வெயில் ஏறும்முன் போய், மணல் கொதிப்பதற்குள் திரும்பிவிடுவார்கள். ஒரு நாள் எல்லோரும் திரும்பினார்கள், செல்லக்கனியைத் தவிர.

பாழுங்கிணற்றின் விளிம்பில் மணல் இளகியிருந்தது. குனிந்தவளை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. இசக்கி ஓடிப்போய்ப் பார்த்தபோது குடம் மிதந்துகொண்டிருந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய கோமதிநாயகம் குளிக்கவில்லை. குளிக்கத் தண்ணீர் இல்லை. நேரே உக்கிராணத்து வாசலுக்குப் போய் உட்கார்ந்தார். அம்மை வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“பசிச்சவங்களுக்குச் சோறு போட்டேன் அம்மா. அதுல என்ன தப்பு?”

மூலையில் குருபூஜையன்று வைத்த பட்டை காய்ந்து சுருங்கிக் கிடந்தது. பொட்டு உதிர்ந்திருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அன்னிக்கு இதுக்கு என்ன பேரு சொன்னீங்க?”

“மூத்த சாமி பேருதான். வேற என்ன சொல்லுவாங்க?”

அம்மை பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“செல்லக்கனி பேரைச் சொல்லிட்டுத்தான் அள்ளுனீங்கன்னு நான் நினைச்சேன்.”

அவர் நிமிர்ந்தார்.

“மனுஷனுக்கு இவ்வளவு தைரியமான்னு அன்னிக்கு உங்களை மனசுக்குள்ள கும்பிட்டேன் அண்ணாச்சி.”

“அப்போ இந்தப் பட்டை...”

“அள்ளுறது யாருக்குப் போகாதோ, அவங்களுக்கு.”

வெளியே காற்று பனையோலைகளை உரசிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் தொலைவில் யாரோ முறத்தில் அரிசி புடைப்பதுபோல் கேட்டது.

“நீங்க சொல்லியிருக்கலாமே அம்மா.”

“நீங்க கேட்டிருக்கலாம். நீங்க என்ன பேரு சொன்னீங்கன்னு நானும் சத்தமாக் கேட்டிருக்கலாம். ரெண்டு பேருமே செய்யல.”

கோமதிநாயகம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“கிணத்தைத் தூர் வாரியிருந்தா அவ இன்னிக்கு இருந்திருப்பா.”

“இருந்திருப்பா.”

“தூர்தான் வாரியிருக்கணும்.”

அம்மை முற்றத்தைக் காட்டினாள். அங்கே சுடலைமுத்து கருக்குமட்டையால் வேலி கட்டிக்கொண்டிருந்தான். பிழைத்தெழுந்தபின் அவன் ஊருக்குத் திரும்பவில்லை. மடத்திலேயே கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தான்.

“அவர்கிட்டப் போய் அதைச் சொல்லிட்டு வாங்க.”

கோமதிநாயகம் எழுந்து போனார். வேலி அருகில் நின்றார். சுடலைமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“என்ன அண்ணாச்சி? வேலி கோணலாப் போகுதோ?”

அவர் வாயைத் திறந்தார்.

“இல்ல. நேராத்தான் போகுது.”

திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மடியிலிருந்த முடிச்சை அவிழ்த்தார். நூல் இறுகியிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. கம்மலைத் தரையில் அம்மையின் முன்னால் வைத்தார். உக்கிராணத்து இருட்டிலும் அது மின்னியது.

“இதை வித்து அரிசி வாங்கி வாரேன் அம்மா. கிணத்தைத் தூர் வாரிருவோம். இனி ஒருத்தி தேரி தாண்டக் கூடாது.”

“யாரோடது?”

“என் வீட்டுக்காரியோடது.”

“எப்ப வந்தது உங்ககிட்ட?”

“மடத்துக்கு வந்தப்பவே இருந்தது.”

“குருபூஜைக்கு முன்னாடியே இருந்ததா?”

அவருக்கு அந்தக் கேள்வி முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவருடைய கை தன்னால் வந்து கம்மலை மூடிக்கொண்டது.

“அது ஞாபகத்துக்கு வச்சிருந்தது அம்மா. நான் அதைச் செலவழிக்கவே இல்லையே.”

அம்மை அந்தக் காய்ந்த பட்டையை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“வச்சிருந்தீங்கல்லா அண்ணாச்சி. அதுக்கு ஒரு பட்டை வச்சீங்களா?”



மறுநாள் சந்தைக்குப் போனார். தட்டான் கம்மலை உரசிப் பார்த்தான், தராசில் போட்டான், ஒரு விலை சொன்னான். கோமதிநாயகம் பேரம் பேசவில்லை. ஜவுளிக்கடையில் ஒரு துண்டுக்குக்கூடப் பேரம் பேசாமல் விடாத மனிதர். கிடைத்ததை அரிசியாக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். உறையோடு சேர்த்து ஒரு கிணற்றுக்குச் சரியாக இருக்கும். மிஞ்சாது.

கிணற்று ஆட்கள் மண்வெட்டியும் கயிறுமாக வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். கூலி முன்னால் வேண்டும் என்றார்கள். அந்த வருஷத்தில் யாரும் யாரையும் நம்பவில்லை.

கோமதிநாயகம் உக்கிராணத்துக்குள் போனார். அரிசி அளக்கும் படியைக் கையில் எடுத்தார். அப்போது இசக்கி வந்தான்.

மொட்டையடித்த தலை. தாடி மட்டும் வளர்ந்திருந்தது. கையில் மகளைப் பிடித்திருந்தான். வாசலுக்கு வெளியே, பனை நிழலில், செல்லக்கனியின் அண்ணன்மார் நின்றிருந்தார்கள். அவர்கள் உள்ளே வரவில்லை.

“அண்ணாச்சி, பதினாறாம் நாள் காரியம் வருது.”

“தெரியும் இசக்கி.”

“என்கிட்ட ஒண்ணும் இல்ல. பனையெல்லாம் காஞ்சு போச்சு. ஊருக்கும் உறவுக்கும் ஒரு நேரம் சோறு போட்டு அவளை வழியனுப்பணும். இல்லாட்டாப் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவோம்னு அவ அண்ணன்மாரு வந்து நிக்காவ. பொண்டாட்டி காரியத்தையே செய்ய வக்கில்லாதவன் எப்படிப் பிள்ளை வளப்பான்னு கேக்காவ.”

சிறுமி அரிசி மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வண்டி வந்ததப் பாத்தேன். அதான் வந்தேன்.”

“இது கிணத்துக்கு இசக்கி.”

“கிணத்துக்கு இனி என்ன அண்ணாச்சி அவசரம்? அவசரம்னு சொன்னவ போயிட்டா.”

கோமதிநாயகம் படியை மூட்டை மேல் வைத்தார்.

“பாதி கொடுங்க. பாதியில நான் ஒப்பேத்திக்கிடுதேன்.”

வாசலிலிருந்து கிணற்று ஆட்களின் மேஸ்திரி குரல் கொடுத்தார்.

“பாதிக் கூலிக்குப் பாதிக் கிணறு தோண்டலாம் சாமி. தண்ணி மீதிப் பாதியில கிடக்கும்.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். இசக்கியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

கோமதிநாயகம் அம்மையைத் தேடினார். அவள் கதவோரம் நின்றிருந்தாள். இவர் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

அன்று காலையிலும் பெண்கள் குடத்தோடு தேரியைத் தாண்டிப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நிறைமாதக்காரி. இது அவருக்குத் தெரியும். பந்தியில் செல்லக்கனியின் இலையிலிருந்து எடுத்து எடுத்துச் சாப்பிட்ட இந்தப் பிள்ளையின் கையும் தெரியும்.



பிறகு அவர் சுவரில் தொங்கிய புதுப் பட்டை ஒன்றை எடுத்தார். ஓலை இன்னும் பச்சையாக இருந்தது. மூட்டைக்குப் பக்கத்தில் அதைத் தரையில் வைத்தார். பொட்டு வைக்கவில்லை. பூ செருகவில்லை.

அவர் உதட்டை அசைத்தார். சத்தம் வரவில்லை.

“கேக்கல அண்ணாச்சி” என்றாள் அம்மை.

அவர் இசக்கியின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இசக்கி. செல்லக்கனி காரியம். இந்தப் பிள்ளை.”

இசக்கிக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. அவன் கத்தவில்லை. கையிலிருந்த பிள்ளையின் விரல்களை இறுக்கிக்கொண்டான்.

“அவளுக்கும் காலிப் பட்டை. எனக்கும் காலிப் பட்டை” என்றான். “மடம் நல்லாருக்கட்டும்.”

திரும்பி நடந்தான். பனை நிழலில் நின்ற இருவரும் அவனை எதிர்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்களில் ஒருவன் குனிந்து சிறுமியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அவள் அழவில்லை. தோளுக்கு மேலாக மடத்தையே பார்த்துக்கொண்டு போனாள். இசக்கி அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

கோமதிநாயகம் எல்லாவற்றையும் வாசல் வழியாகப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மேஸ்திரி இருமினார்.

“அம்மா” என்றார் கோமதிநாயகம். “நான் செஞ்சது சரிதானா?”

ஆவுடையம்மை மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்த்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

“தெரியாது அண்ணாச்சி. பேரு சொல்லியாச்சு. அள்ளுங்க.”